குடியை விட்டவரை மறுபடி இழுப்பது எது? மூளை, எல்லைச் சாலை, அந்த அரைமணி நேரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தபுரம் வழியாகவும், கோவையிலிருந்து வேலந்தாவளம், வாளையார் வழியாகவும் தினமும் கேரளத்துக்குள் போய்த் திரும்புகிறவர்கள் ஏராளம். தென்னந்தோப்பு, முதலமடை மாந்தோப்பு, லாரி, கட்டட வேலை என்று ஆளுக்கொரு பிழைப்பு. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டுக்குள் தமிழ் பேசும் குடும்பங்களும் நிறைய. குடியையோ போதையையோ விட்டவர் மறுபடி ஏன் சறுக்குகிறார் என்று இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் கேட்கிற கேள்விகளை அவர்கள் பேசும் வாக்கிலேயே போட்டிருக்கிறோம். பெரும்பாலானவை குடியைப் பற்றியவை. போதை மாத்திரை, போதை ஊசி, புகையிலைக்கும் மூளைக்குள் நடப்பது ஏறக்குறைய இதேதான். மாறுகிற இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

என்ற பையன் ஒரு மாசம் குடி நிறுத்தற சென்டர்ல இருந்துட்டு தெளிவாத்தான் வந்தானுங்க. பன்னெண்டாம் நாள் மறுபடி ஆரம்பிச்சுட்டான். வேண்டாம்னு வாய் சொல்லுது, கால் ஏனுங்க அங்கயே போகுது?

வேண்டாம் என்று முடிவெடுக்கிற இடமும் காலைத் திருப்புகிற இடமும் மூளையில் வேறு வேறு. முடிவெடுப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி. காலைத் திருப்புவது ஆழத்தில் கிடக்கும் பழைய சுற்று. நடுமூளையிலிருந்து டோபமின் என்ற ரசாயனத்தை அனுப்பும் நரம்புகள், அதை வாங்கிக்கொள்ளும் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ், எது எதோடு சேர்ந்து வந்தது என்று முடிச்சுப் போடும் அமிக்டலா, இடத்தை நினைவில் வைக்கும் ஹிப்போகாம்பஸ் எல்லாம் அந்தச் சுற்றில் அடக்கம். தீனி எங்கே, தண்ணீர் எங்கே என்று உயிர் மறக்காமல் இருப்பதற்காக உண்டான ஏற்பாடு அது. 1954இல் மாண்ட்ரியலில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் இருவரும் எலியின் மூளையில் மெல்லிய கம்பி செருகி, எலியே பலகையை அழுத்தி மின்சாரம் பாய்ச்சிக்கொள்ளும்படி செய்தார்கள். கம்பி சில இடங்களில் பட்டிருந்தபோது எலி விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தது. இப்படி ஒரு சுற்று இருப்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

சரக்கு, கஞ்சா, மாத்திரை எல்லாம் இந்தச் சுற்றைச் சோற்றைவிடப் பலமாகத் தட்டுகின்றன. பல வருடம் தட்டினால் வேலை பழக்கத்தைக் கவனிக்கும் வேறொரு பகுதிக்குக் கைமாறிவிடும். வண்டிக்காரர் தூங்கினாலும் மாடு வீடு வந்து சேருமே, அதுபோலத்தான். சென்டரில் ஒரு மாதம் வண்டிக்காரரைத்தான் எழுப்பி உட்கார வைத்திருக்கிறார்கள். மாட்டுக்கு வழி மறக்கவில்லை.

இதனால் அவர் மேல் பொறுப்பே இல்லை என்று ஆகாது. ஆனால் "உனக்கு மன உறுதி இல்லை" என்று திட்டுவது வண்டிக்காரரைத் திட்டுவதுதான். மாட்டின் காதில் அது விழாது. விட்டவர்களில் 100க்கு 40 முதல் 60 பேர் ஒரு கட்டத்தில் சறுக்குகிறார்கள். பிரஷர், ஆஸ்துமா நோயாளிகள் மருந்தை விட்டு மறுபடி படுக்கையில் விழும் கணக்கும் ஏறக்குறைய இதே அளவுதான். அவர்களை யாரும் கோயிலுக்கு இழுத்துப்போய் சத்தியம் வாங்குவதில்லை.

டோபமின் டோபமின்ங்கறாங்களே, அது சுகம் குடுக்கற சமாச்சாரம்தானுங்களே?

பாதிதான் சரி. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து டோபமின் நரம்புகளைக் கவனித்தார். முதலில் சாறு நாக்கில் பட்டதும் நரம்பு துடித்தது. சாறுக்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு பழகிய பிறகு, விளக்கு எரிந்ததும் துடித்தது. சாறு வந்தபோது சும்மா இருந்தது. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், இருந்த துடிப்பும் அடங்கிப்போனது. 1997இல் வெளிவந்த புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் இதுதான்: டோபமின் "இதோ வரப்போகிறது" என்று சொல்லும் மணி.

இதை நம் ஊருக்குக் கொண்டு வாருங்கள். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டியதும் கருப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் "கள்ளு" என்று மலையாளத்தில் எழுதியிருக்கிற ஷாப்பு. மூளைக்கு அந்தப் பலகைதான் விளக்கு. குடிக்கிறபோது வருவதைவிடப் பலகையைப் பார்க்கும்போது வரும் துடிப்பு பெரிது. "குடிச்சா முந்தி மாதிரி சுகமே இல்லைங்க, ஆனா விடவும் முடியலை" என்று பலர் சொல்வது பொய்யில்லை. விரும்புவதும் வேண்டுவதும் மூளையில் தனித்தனிக் கணக்கு.

பலகையைப் பார்த்த பின் குடிக்காமல் வந்தால், துடிப்பு அடங்கும் அந்தக் கணம் நெஞ்சு வெறுமையாக, எரிச்சலாக இருக்கும். மனைவியிடம் காரணமில்லாமல் சள்ளென்று விழுவார். குடிக்காமல் வந்த அன்றைக்குத்தான் அந்தச் சண்டை நடக்கும். வீட்டில் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நாளாக நாளாக ஆசை குறைஞ்சுருமில்லீங்க?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஆசை இரண்டு வகை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது தானாக வருவது ஒன்று. ஷாப்பு, பாட்டில், கூட்டாளி என்று எதையாவது பார்த்ததும் கிளம்புவது இன்னொன்று. முதலாவது வாரக்கணக்கில் குறைகிறது. இரண்டாவது முதல் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்கள்வரை, ஏறுகிறது.

இதைத் தெளிவாகக் காட்டியவர்கள் ஜெஃப்ரி கிரிம், யாவின் ஷஹாம் குழுவினர், 2001இல். கொக்கெய்ன் என்ற போதைப்பொருளுக்குப் பழகிய எலிகளுக்கு அதை நிறுத்திவிட்டு, வெவ்வேறு நாள் இடைவெளியில், அதோடு முன்பு வந்த ஒளியையும் ஓசையையும் மட்டும் காட்டினார்கள். நிறுத்திய மறுநாள் பலகையை அழுத்தியதைவிட ஒரு மாதம் கழித்து அதிகம் அழுத்தின. 60ஆம் நாளில் இன்னும் அதிகம். பிறகு மனிதர்களிடமும் பார்த்தார்கள். புகையை விட்டவர்களிடம் 35 நாள்வரை, தானாக வரும் ஆசை இறங்கிக்கொண்டே வர, சிகரெட் படத்தைப் பார்த்ததும் வரும் ஆசை ஏறியது. மெத்தம்பெட்டமின் என்ற போதைப்பொருளை விட்டவர்களிடம் பார்த்ததும் வரும் ஆசை மூன்று மாதம் வாக்கில் உச்சத்தில் இருந்தது. எலி மூளையில் காரணமும் ஓரளவு பிடிபட்டிருக்கிறது. நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆனதும், அக்கம்பென்ஸில் குளூட்டமேட் என்ற தூண்டு ரசாயனத்தை வாங்கும் முனைகளில் கால்சியத்தை உள்ளே விடும் புதுவகை சேர்கிறது. அதன் பிறகு சின்னச் சமிக்ஞைக்கும் நரம்பு பெரிதாகத் துள்ளும்.

இப்போது வழக்கமான கணக்கைப் போட்டுப் பாருங்கள். 30 நாள் சென்டர். வெளியே வரும்போது ஆசையே இல்லை என்கிறார். பொய் சொல்லவில்லை, தானாக வரும் ஆசை உண்மையாகவே இறங்கிவிட்டது. முகம் தெளிந்திருக்கிறது, கை நடுக்கம் இல்லை, இரண்டு வேளை நன்றாகச் சாப்பிடுகிறார். வீட்டில் சந்தோஷம். இனி பயமில்லை என்று வண்டிச் சாவியும் ஏ.டி.எம். கார்டும் திரும்பக் கொடுக்கப்படுகின்றன. பார்த்ததும் பற்றுகிற ஆசை ஏறிக்கொண்டிருக்கும் நேரம் அதுவேதான். முதல் மூன்று மாதத்தில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள்.

ஆகவே டிஸ்சார்ஜ் தேதியிலிருந்து 90 நாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். மருத்துவரைப் பார்ப்பது முதல் மாதம் வாரம் ஒருமுறை, அடுத்த இரண்டு மாதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்றாவது இருக்கட்டும். "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு" என்று அவர் சொல்லும் வாரத்தில் கட்டாயம் போகவேண்டும். கல்யாணம், கெடா வெட்டு, காதுகுத்து எல்லாம் இந்த 90 நாளுக்குள் வந்தால் மனைவியோ அப்பாவோ போய் மொய் வைத்துவிட்டு வரலாம். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள், நினைத்தாலும் பரவாயில்லை.

எதெதெல்லாம் இழுக்குமுங்க?

ஆய்வுக்கூடத்தில் மூன்றைச் சொல்வார்கள்: சமிக்ஞை, மன அழுத்தம், ஒரு வாய் சரக்கு. மூன்றும் வெவ்வேறு வழியாக வந்து ஒரே சுற்றைத் தட்டும்.

சமிக்ஞை அமிக்டலா வழியாக வரும். இடமாக இருந்தால் ஹிப்போகாம்பஸும் சேர்ந்துகொள்ளும். ஆளாளுக்கு வேறுபடும் என்பதால் பொதுப் பட்டியல் உதவாது. ஒருவருக்கு மூடி திருகும் சத்தம். ஒருவருக்குக் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் சேர்ந்த வாசம். ஒருவருக்குச் சனிக்கிழமைக் கூலி கைக்கு வரும் கணம். தோப்பு வேலைக்காரர் ஒருவருக்குப் பதநீர் வாசமே போதும். டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத் திறக்கும், ஷாப்பு காலையிலேயே திறந்துவிடும் என்ற நேரக்கணக்கும் சமிக்ஞைதான். கேரளத்தில் மாதம் 1ஆம் தேதி பெவ்கோ என்ற அரசு மதுக்கடை மூடியிருக்கும் என்பதால் முந்தின நாளே வாங்கி வைத்துப் பழகியவருக்கு, 30ஆம் தேதி சாயங்காலம் காரணம் தெரியாமல் மனம் அலையும். ஒரு நோட்டு போட்டு இரண்டு வாரம், ஆசை எழுந்த ஒவ்வொரு முறையும் மணி, இடம், கூட இருந்தவர், அதற்கு முன் என்ன நடந்தது என்று எழுதச் சொல்லுங்கள். நான்கு வார்த்தை போதும். பத்துப் பதினைந்து வரி சேர்ந்ததும் வரிசை புலப்பட்டுவிடும்.

மன அழுத்தம் சி.ஆர்.எஃப். என்ற ஹார்மோனையும் நார்அட்ரினலினையும் எழுப்பி, அமிக்டலாவின் மையப் பகுதி வழியாக வருகிறது. கடன்காரர், போலீஸ் கேஸ், மாமனார் வீட்டில் ஒரு சொல். பசியும் தூக்கமின்மையும் உடம்புக்கு அழுத்தம்தான். மாலை 5.30க்கு வெறும் வயிற்றோடு வேலை முடித்து வருகிறவர் பாதி வழி சறுக்கியே வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதான ஒரு வாய்க்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

வேலை கேரளாவுலதானுங்க. தினமும் அந்த ரோட்டுலதான் போகோணும். வேலைய விட முடியுங்களா?

விட வேண்டாம். சும்மா வீட்டில் உட்கார்ந்தால் அது தனி ஆபத்து. வழியை மாற்றுங்கள்.

முதலில் வாகனம். பைக்கில் தனியாகப் போகிறவர் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். 90 நாளைக்குப் பஸ்ஸிலோ, குடிக்காத கூட்டாளியின் வண்டியிலோ போகட்டும். பொள்ளாச்சி–பாலக்காடு ரயில் நேரம் ஒத்துவந்தால் அது இன்னும் நல்லது. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் இறங்க முடியாது. சாலையில்தான் போகவேண்டுமென்றால், கோபாலபுரம் வழியில் பழகியவர் மீனாட்சிபுரம் வழியாகப் போக முடியுமா பாருங்கள். அங்கேயும் ஷாப்பு உண்டு. ஆனால் அது அவர் உட்கார்ந்த பெஞ்சு இல்லை, ஊற்றிக்கொடுப்பவர் பெயர் தெரியாது. மூளைக்கு அந்த வித்தியாசம் பெரிது.

அடுத்து காசு. கையில் பஸ் சார்ஜும் டீ காசும் மட்டும். கூலி மனைவி அல்லது அம்மா கணக்குக்கு நேராகப் போகட்டும். மேஸ்திரியிடம் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். இப்போதெல்லாம் கையில் நோட்டு இல்லை என்றால் போதாது, போனில் கூகுள் பே இருக்கிறது. அந்தக் கணக்கில் இருப்பு 200 ரூபாய்க்கு மேல் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதை அவரே ஒப்புக்கொண்டு செய்யவேண்டும். பிடுங்கி வைத்தால் கடன் வாங்கிக் குடிப்பார்.

பையில் தின்பண்டம்: இரண்டு வாழைப்பழம் அல்லது கடலை மிட்டாய், ஒரு பாட்டில் தண்ணீர். வேலை முடிந்த கையோடு, பஸ் ஏறுவதற்கு முன் சாப்பிடவேண்டும். வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறேன் என்பது பலிக்காது.

போனில் பழைய கூட்டாளிகள் எண்ணை அழிப்பதோடு அந்த வாட்ஸப் குரூப்பிலிருந்தும் வெளியே வரவேண்டும். "மச்சான் எங்க இருக்கே" என்ற ஒரு வரியும் விளக்கு எரிவதுதான்.

கேட்டால் என்ன சொல்வது என்று ஒரே ஒரு வரி தயாராக இருக்கட்டும். "ஈரல் கெட்டுப்போச்சு, டாக்டர் ஒரு சொட்டும் கூடாதுன்னுட்டாரு" என்பது நன்றாக வேலை செய்கிறது. விளக்கம் நீண்டால் பேரம் ஆரம்பமாகிவிடும்.

அந்த நேரத்துல என்னதானுங்க பண்றது? உசுரே போற மாதிரி இருக்குங்கறாரு.

வாடிக்கையான ஆசை ஒன்று கிளம்பி, உச்சிக்குப் போய், இறங்க 15 முதல் 30 நிமிடம் ஆகும். அது முடிவே இல்லாமல் ஏறும் என்று அவர் நினைக்கிறார். ஏனென்றால் இதுவரை அதன் மறுபக்கத்தை அவர் பார்த்ததே இல்லை, ஒவ்வொரு முறையும் பாதியிலேயே குடித்து நிறுத்தியிருக்கிறார். ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் இதைக் கடலலைக்கு ஒப்பிட்டு, எதிர்த்து நிற்காமல் மேலே மிதந்து கடக்கப் பழக்கினார்.

செய்யவேண்டியது இது. மணி பார்க்கவேண்டும். அந்த இடத்தை விட்டு எதிர்த் திசையில் நடக்கவேண்டும். நின்று யோசிக்கக் கூடாது. 10க்கு எத்தனை என்று மார்க் போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி போடவேண்டும். நெஞ்சிலா, வயிற்றிலா, நாக்கிலா, எங்கே பிடிக்கிறது என்று கவனிக்கவேண்டும். தண்ணீரும் பழமும் உள்ளே போகட்டும். முன்கூட்டியே பேசி வைத்த ஒருவருக்குப் போன். அந்த ஆள் புத்திமதி சொல்லக்கூடாது. "எங்க இருக்கே, பஸ் வந்துச்சா, எத்தனை மார்க்" என்று கேட்டால் போதும்.

உடம்பில் எங்கே பிடிக்கிறது என்று கவனிப்பதற்குக் காரணம் உண்டு. உடம்புக்குள் நடப்பதை உணரும் இன்சுலா என்ற மடிப்பு ஆசையில் பெரிய பங்கு வகிக்கிறது. 2007இல் நாசிர் நக்வி குழுவினர் மூளை பாதிப்பு ஏற்பட்ட 69 புகைப்பழக்கக்காரர்களை ஆராய்ந்தார்கள். அதில் 19 பேருக்கு இன்சுலாவில் அடி. அவர்களில் பலர் சிரமமே இல்லாமல் புகையை விட்டிருந்தார்கள். அதில் ஒருவர் உடம்பே புகைக்கும் உந்துதலை மறந்துவிட்டது என்ற பொருளில் சொன்னார். நாம் இன்சுலாவைத் தொட முடியாது. ஆனால் அது அனுப்பும் சேதியை, வாந்தி வருவதுபோல, கொட்டாவி வருவதுபோல, வெறும் சேதியாகப் பார்க்கப் பழகலாம்.

முதல் பத்துத் தடவை சிரமம். மார்க் 8இலிருந்து 3க்குத் தானாக இறங்கியதை நோட்டில் இரண்டு முறை கண்ணால் பார்த்துவிட்டால் பயம் பாதி போய்விடும்.

ஊரை மாத்திட்டா செரியாயிருமுங்களா?

உதவும் என்பதற்குப் பெரிய சான்று உண்டு. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அவர்கள் ஊர் திரும்பியதும் தொடர்ந்து பார்த்தார். முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் 100க்கு 5 பேர் வாக்கில்தான். பழகிய இடமும் கூட்டமும் கடல் கடந்து பின்னால் போய்விட்டன.

சென்டரில் சொகமாக இருந்தவர் ஊர் வந்ததும் சறுக்குவதும் இதே விதியின் மறுபக்கம். ஒரு இடத்தில் அடங்கிய ஆசை அந்த இடத்துக்குத்தான் அடங்கியிருக்கிறது. எலியை வேறு கூண்டில் பழக்கி மறக்கடித்தாலும், பழைய கூண்டில் விட்டால் மறுபடி அழுத்துகிறது. பழைய நினைவு அழிவதில்லை, அதன் மேல் புதியது ஒன்று படிகிறது, அவ்வளவே. அதனால் மலைப்பக்கம் தள்ளி இருக்கும் அமைதியான சென்டர் மட்டும் போதாது. கோபாலபுரம் சாலையிலேயே, கூட ஒரு ஆளோடு, வயிறு நிறைந்து, காசில்லாமல், பலமுறை குடிக்காமல் கடந்து பழகவேண்டும்.

ஊர் மாறி திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகலாமா என்றால், அறையில் கூடத் தங்குகிறவர்கள் யார் என்று முதலில் பாருங்கள்.

ஒரே ஒரு கட்டிங் போட்டுட்டாருங்க. எல்லாம் போச்சா?

போகவில்லை. ஆனால் அடுத்த 24 மணி நேரம் கவனம்.

ஒரு வாய் உள்ளே போனதும் மூளை அதையே சமிக்ஞையாக எடுத்து அடுத்ததைக் கேட்கும். கூடவே மனசு ஒரு வேலை பார்க்கும்: "விரதம் கலைஞ்சாச்சு, இனி என்ன." முதல் கிளாஸைவிட இந்த நினைப்புதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. ஆகவே அன்றைக்கு வசவு வேண்டாம். பாட்டிலில் மீதி இருந்தால் கொட்டிவிட்டு, சாப்பிடவைத்து, படுக்க வைக்கவும். மறுநாள் தெளிந்ததும் எங்கே, யாரோடு, எந்தக் கணத்தில் என்று நோட்டில் எழுதி, அதே வாரம் மருத்துவரிடம் போகவும்.

குடி தொடர்ந்து பல நாள் ஓடிவிட்டால் கதை வேறு. திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கடைசிக் கிளாஸிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளில் கண்ணுக்கு இல்லாதது தெரிவது, பிதற்றல், காய்ச்சல், வியர்வை என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். முன்பு வலிப்பு வந்தவர் என்றால் வீட்டில் வைத்து நிறுத்தவே கூடாது. இன்னொன்று: "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவுடுங்க, தெம்பா ஆயிருவாரு" என்று பக்கத்து கிளினிக்கில் கேட்பது நம் ஊர் வழக்கம். குடிநோயாளிக்கு பி1 சத்தாகிய தயமின் வறண்டிருக்கும். அதைப் போடாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி, கண் நிலைகொள்ளாமல், நடை தள்ளாடி, நினைவு நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். தயமின் ஊசி முதலில், குளுக்கோஸ் அப்புறம். கேட்டு வாங்குங்கள்.

மாத்திரை, ஊசிப் பழக்கம்னா?

சாவுக்கு மிக நெருங்கிய நேரம், விட்டுவிட்டு மறுபடி எடுக்கும் முதல் முறை. டபென்டடால் என்ற வலி மாத்திரை, ஹெராயின் போன்ற ஓபியாய்டு (அபின் ரக) வகைகளுக்கு உடம்பு தாங்குசக்தியை வளர்த்துக்கொள்ளும்; சில வாரம் விட்டால் அது இறங்கிவிடும். ஆள் பழைய அளவையே எடுப்பார், மூச்சு நின்றுவிடும். இடமும் சேர்ந்து விளையாடும். 1982இல் ஷெப்பர்ட் சீகல் ஹெராயினுக்குப் பழகிய எலிகளுக்கு ஒரே பெரிய அளவைக் கொடுத்தார். பழகிய அறையில் கொடுத்தபோது செத்தவை 100க்கு 32. புது அறையில் 64. வழக்கமான இடத்தில் உடம்பு முன்கூட்டியே எதிர்த்துத் தயாராகிறது, புது இடத்தில் தயாராவதில்லை.

ஆள் எழுப்பினால் எழவில்லை, கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்கியிருக்கிறது, உதடு நீலம், மூச்சு மெதுவாக அல்லது குறட்டைபோல வருகிறது என்றால் 108ஐக் கூப்பிட்டு, "மாத்திரை ஓவர்" என்று மறைக்காமல் சொல்லுங்கள். நலோக்சோன் என்ற முறிமருந்து சில நிமிடத்தில் எழுப்பும். வண்டி வரும்வரை பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்கவும். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதவும். உப்புத் தண்ணீர், மோர், கன்னத்தில் அடி எதுவும் வேண்டாம்.

மருந்து இருக்குங்களா?

இருக்கிறது. ஆனால் பலர் மூன்றாவது வாரமே நிறுத்திவிடுகிறார்கள்.

குடிக்கு நால்ட்ரெக்ஸோன், வழக்கமாக ஒரு நாளைக்கு 50 மி.கி. முதல் கிளாஸின் கிளுகிளுப்பைக் குறைக்கும். ஓபியாய்டு எடுப்பவர் குறைந்தது 7 முதல் 10 நாள் விட்டிருக்கவேண்டும். இல்லாவிட்டால் கடுமையாக உடம்பு முறுக்கும். ஈரல் பரிசோதனை முதலில். அகாம்ப்ரோசேட் 333 மி.கி. மாத்திரை, இரண்டிரண்டாக மூன்று வேளை. கிளர்ந்து கிடக்கும் குளூட்டமேட்டை அடக்கும். ஈரல் கெட்டவருக்கும் பொதுவாகக் கொடுக்கலாம், சிறுநீரகம் கெட்டவருக்கு ஆகாது. ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை என்பதே இதன் சிக்கல். மதிய வேளை வேலையிடத்தில் விட்டுப்போகும். சாப்பாட்டுத் தூக்கிலேயே போட்டு அனுப்புங்கள்.

டைசல்ஃபிராம் வேறு ரகம். அது ஆசையைக் குறைக்காது. எடுத்திருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கும். "தெரியாம சாம்பார்ல கலக்கிக் குடுக்கலாமுங்களா?" என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். கூடாது. இருதயக் கோளாறு உள்ளவர் அதில் செத்துப்போகலாம். அவரே சம்மதித்து, மனைவி முன்னால் காலையில் விழுங்குகிற முறைதான் பலன் தரும். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆகியிருக்கவேண்டும். மாத்திரையை நிறுத்திய பின்னும் இரண்டு வாரம்வரை வேலை செய்யும். எல்லை தாண்டி வைத்தியசாலையில் வாங்கும் தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்கள் நொதித்துச் செய்தவை, உள்ளே ஆல்கஹால் உண்டு. சில இருமல் மருந்திலும் உண்டு. இரண்டும் ஆகாது.

ஓபியாய்டுக்கு புப்ரெனார்ஃபின், நாக்குக்கு அடியில் கரைய வைப்பது. ஊசி போடுகிறவர்களுக்கு அரசு ஓ.எஸ்.டி. (மாற்று மருந்து சிகிச்சை) மையங்களில் இலவசம், தினமும் ஊழியர் முன்னிலையில். "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா" என்று வீட்டில் அவசரப்பட்டு நிறுத்த வைத்தால்தான் மேலே சொன்ன சாவு ஆபத்து வருகிறது.

கள்ளு மட்டும்னா பரவாயில்லீங்களா? அது இயற்கைதானே.

இல்லை. தமிழ்நாட்டில் 1987 முதல் தடை, கேரளத்தில் உரிமம் பெற்ற ஷாப்பு. சட்டம் எல்லையில் மாறும், ஆல்கஹால் மாறாது. காலையில் இனிப்பாக இருப்பது சாயங்காலத்துக்குள் நன்றாகப் புளித்து ஏறிவிடும். குடிநோயாளிக்கு அது முதல் வாய்.

ஹான்ஸ், கூல் லிப், பீடி? அதாவது இருக்கட்டுமுங்களே.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் விட்டால் தாங்கமாட்டார் என்பது பழைய நம்பிக்கை. புகையிலையை விடுவதால் குடி திரும்புவதில்லை; தொடர்ந்தால்தான் வாய்ப்பு கூடுகிறது. சரக்கும் பீடியும் வருடக்கணக்கில் சேர்ந்தே வந்திருக்கின்றன, ஒன்று மற்றொன்றுக்கு விளக்கு. நிக்கோட்டின் சூயிங்கம் 2 மி.கி., 4 மி.கி. என்று கிடைக்கும். எழுந்த அரைமணிக்குள் முதல் பீடியோ பாக்கெட்டோ வேண்டும் என்கிறவருக்கு 4. சாதாரண மிட்டாய்போல மென்றால் விக்கல் வரும், வயிறு எரியும், "ஆகலைங்க" என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். மிளகு கடித்தமாதிரி சுரீர் என்றதும் மெல்வதை நிறுத்தி கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கவேண்டும்; காரம் அடங்கினால் மறுபடி இரண்டு மெல். அரைமணி நேரம் வரும். அதற்கு 15 நிமிடம் முன்பிருந்து டீ, காப்பி கூடாது, மருந்து ஏறாது.

மூளை பழையபடி ஆகுமுங்களா?

பெரும்பகுதி ஆகும், மெதுவாக. நோரா வோல்கோவ் குழுவினர் எடுத்த ஸ்கேன்களில், போதைக்கு அடிமையானவர்களின் மூளையில் டோபமினை வாங்கும் டி2 முனைகள் குறைந்திருந்தன. மெத்தம்பெட்டமினை ஓராண்டுக்கும் மேல் விட்டவர்களிடம் டோபமின் கடத்தும் அமைப்பு ஓரளவு மீண்டிருந்தது. ஆனால் நினைவு, கை வேகச் சோதனைகளில் அதே அளவு தேறவில்லை. முதல் மாதங்களில் எதிலும் ருசியில்லை, பேரக்குழந்தையைப் பார்த்தாலும் சந்தோஷம் வரவில்லை என்பார்கள். டோபமின் வற்றிய காலம் அது. தூக்கம் ஒழுங்காகப் பல மாதம் ஆகும். மெடிக்கலில் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை வாங்கித் தரவேண்டாம், அது அடுத்த பழக்கம்.

கட்டி வெச்சாவது நிறுத்தலாமுங்களா? சில சென்டர்ல அடிக்கறாங்கன்னு கேள்விப்பட்டோம்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநோயும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. அடியும் அவமானமும் மன அழுத்தம். அது எந்த வழியாக இழுக்கும் என்று மேலே சொன்னோம். சேர்ப்பதற்கு முன் பதிவுச் சான்று, மனநல மருத்துவர் பெயர், வாரம் எத்தனை நாள் வருகிறார், வீட்டார் எப்போது பார்க்கலாம் என்று கேளுங்கள். பார்க்க விடமாட்டோம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

எங்கீங்க போறது? போலீஸ் கேஸ் ஆயிருமோன்னு பயமா இருக்குது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு. கோவை பக்கம் உள்ளவர்களுக்கு அதுவே நெருக்கம். கேரளத்தில் வசிப்பவர்களுக்கு எக்சைஸ் துறையின் விமுக்தி என்ற போதை மீட்பு மையங்கள் உண்டு. போதைப் பழக்கத்துக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம். குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களுக்குக் கட்டணமில்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுப்பவருக்கு, சொந்தப் பயன்பாட்டுக்காகச் சிறிய அளவு வைத்திருந்த வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. விற்றவருக்கு இது பொருந்தாது. வழக்கு ஏற்கெனவே இருந்தால் வக்கீலிடம் இந்தப் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள்.

முதல் முறை போகும்போது: பழைய டிஸ்சார்ஜ் சீட்டு, இப்போது போடும் எல்லா மாத்திரை அட்டைகளும், வலிப்பு வந்ததுண்டா என்ற விவரம், கடைசியாக எந்த நாள் எத்தனை மணிக்கு எவ்வளவு என்ற கணக்கு, அந்த நோட்டு. காலையில் 8 மணிக்கு ஓ.பி. சீட்டு வாங்க வரிசையில் நின்றுவிடுங்கள். அவரைச் சாப்பிடவைத்துக் கூட்டிப்போங்கள். காத்திருக்கும் நேரத்தில் "டீ குடிச்சுட்டு வந்தர்றேன்" என்று கிளம்பினால் கூடவே ஒருவர் போகட்டும்.